ஆசிஸ் தத்தாவும் எங்கள் ஊர்த் தக்காளியும்

தாவர உயிரித் தொழில்நுட்பம் என்ற பேச்சைத் தமிழில் யார் எடுத்தாலும், அது பெரும்பாலும் எம்.எஸ். சுவாமிநாதன் பெயரில் தொடங்கி, பூச்சியைக் கொல்லும் மரபணு சேர்த்த பி.டி. பருத்தியில் வந்து முடிந்துவிடுகிறது. இடையில் ஒரு தலைமுறை இருந்தது. 1970களில் இந்தியப் பல்கலைக்கழகங்களுக்குள் சிறிய ஆய்வகங்களைத் தொடங்கி, மரபணுவைப் பிரித்தெடுக்கும் வேலையை இங்கேயே வேரூன்றச் செய்து, பிறகு துணைவேந்தர்களாகவும் நிறுவனத் தலைவர்களாகவும் ஆன அந்தத் தலைமுறையை நம் வாசகர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. அவர்களில் ஆசிஸ் தத்தாவைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். நான் தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுப் பக்கம் மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் நடத்துகிறேன். என் உறவினர்களில் பாதிப் பேர் தக்காளி போடுகிறவர்கள். தத்தாவின் ஆய்வகம் தக்காளியை ஒரு முறையல்ல, இரண்டு வெவ்வேறு நோக்கங்களுக்காகக் கையில் எடுத்தது. இரண்டுமே உலகத் தரமான ஆய்விதழ்களில் வந்தன. இரண்டுமே எங்கள் நிலத்துக்கு வரவில்லை. இந்த இரண்டு உண்மைகளையும் ஒருசேர வைத்துப் பார்க்காமல் அவருடைய பணிவாழ்க்கையை எடைபோட முடியாது என்பது என் கருத்து.

அவர் தொடக்கத்திலேயே செடிகளோடு இருந்தவர் அல்லர். கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் தோற்றுவித்த போஸ் நிறுவனத்தில் முனைவர் பட்ட ஆய்வை முடித்து, நியூயார்க்கில் பொதுச் சுகாதார ஆராய்ச்சி நிறுவனத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 1975இல் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் உயிரறிவியல் புலத்தில் சேர்ந்தார். பல்கலைக்கழகம் தொடங்கி அப்போது 6 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அங்கே அவர் எடுத்துக்கொண்ட உயிரி கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட். குழந்தைகளின் வாயில் வெண்படலமாகப் படிவதும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் உடலுக்குள் ஊடுருவி உயிருக்கே ஆபத்தாவதும் இதுதான். மனித உடலின் சளிப்படலங்களில் உள்ள என்-அசிட்டைல் குளுக்கோசமைன் என்ற சர்க்கரையை அந்த ஈஸ்ட் எப்படி உணர்ந்து, அதைச் செரிக்கும் நொதிகளை எப்படி உண்டாக்கிக்கொள்கிறது என்பதே அவருடைய நெடுங்காலக் கேள்வி. 1980இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு பெற்றபோது அவர் உயிர்வேதியியலாளர். தாவர உயிரித் தொழில்நுட்பர் என்ற பெயர் பின்னால் வந்தது. அந்தச் சர்க்கரையின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். தக்காளிப் பழத்துக்குள் அது மறுபடியும் வரும்.

செடிகளின் பக்கம் அவரைக் கொண்டுவந்தது கீரைக் குடும்பம். நாம் தோட்டத்தில் போடும் முளைக்கீரையையோ தண்டுக்கீரையையோ பறிக்காமல் விட்டுப் பூக்கவிட்டு, காய்ந்த கதிரை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதினால், உமி பறந்துபோய்க் கறுப்பாக மினுமினுக்கும் பொடி விதைகள் மிஞ்சும். கடுகைவிடச் சிறியவை, விரலிடுக்கில் நழுவுபவை. இதன் ஒன்றுவிட்ட உறவான அமராந்தஸ் ஹைப்போகான்ட்ரியாகஸ் என்ற இனத்தின் விதை வெளிர் நிறமுடையது. இமயமலை அடிவாரத்திலும் வட இந்தியாவிலும் ராஜ்கிரா என்ற பெயரில் அதைப் பொரித்து உருண்டை பிடிப்பார்கள். விரத நாட்களில் தானியத்துக்குப் பதிலாக உண்பார்கள். அந்த விதையில் உள்ள ஒரு புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்து, அதற்கு ஏ.எம்.ஏ.1 என்று பெயரிட்டு, 1992இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் தத்தாவின் குழு வெளியிட்டது.

இந்தப் புரதத்தின் சிறப்பு அளவில் அல்ல, சேர்மானத்தில் இருக்கிறது. நம் உடல் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்கள் சில உண்டு. தானியங்களில் லைசின் குறைவு. பருப்புகளிலும் உருளைக்கிழங்கிலும் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் குறைவு. எங்கள் பக்கத்தில் ராகிக் களிக்குக் கொள்ளுக் கடைசலோ அவரைக் கொட்டைக் குழம்போ வைப்பதில் இந்தக் கணக்கு அடங்கியிருக்கிறது: ராகியில் இல்லாததை அவரை தருகிறது, அவரையில் இல்லாததை ராகி தருகிறது. ஏ.எம்.ஏ.1 புரதத்திலோ இவை எல்லாம் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் விகிதத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் ஒரே மூலக்கூறில் அமைந்திருந்தன. இந்த மரபணுவை உருளைக்கிழங்கில் சேர்த்து, இலையில் வெளிப்பட்டு வீணாகாமல் கிழங்கில் மட்டும் வெளிப்படும்படி அமைத்து, 2000ஆம் ஆண்டில் அதே ஆய்விதழில் முடிவை வெளியிட்டார்கள். கிழங்கின் மொத்தப் புரதம் கூடியிருந்தது. தேவையான அமினோ அமிலங்களும் பன்மடங்கு உயர்ந்திருந்தன. எலிகளில் ஒவ்வாமை காணப்படவில்லை. 2010இல் 7 வணிக ரகங்களில் செய்து பார்த்த விரிவான கட்டுரை வந்தது. அதில் புரத உயர்வு அதிகபட்சம் 60 சதவீதம்.

எந்தச் செய்தித்தாளைப் பார்த்தாலும் இந்த 60 சதவீதம்தான் தலைப்பாக இருந்தது. நான் வகுப்பில் இதைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டுக் காட்டுவது வழக்கம். 100 கிராம் உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 2 கிராம் புரதம் உண்டு. அதில் 60 சதவீதம் கூடினால் 3.2 கிராம். அதே 100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் அளவுக்கு இருக்கிறது. பருப்பை நாம் தண்ணீர் ஊற்றி வேகவைத்து மூன்று மடங்காக்கித்தான் உண்கிறோம் என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டாலும், பருப்பே மேல். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்த உருளைக்கிழங்கைப் பள்ளி மதிய உணவில் சேர்க்கலாம் என்ற பேச்சு தில்லியிலிருந்து எழுந்தபோது, எதிர்த்தவர்கள் சொன்ன வாதமும் இதுதான்: பருப்பு விளையும் நாட்டில் புரதத்துக்கு உருளைக்கிழங்கை ஏன் தேட வேண்டும்? எங்கள் மாவட்டத்துச் சத்துணவு மையத்தில் தட்டேந்தி நிற்கும் பிள்ளைக்கு முட்டையும் கொண்டைக்கடலையும் ஒழுங்காகக் கிடைத்தால் போதும் என்று சொல்பவர்களோடு நானும் உடன்படுகிறேன்.

ஆனாலும் அந்த எதிர்ப்பில் ஓர் அவசரம் இருந்தது. உருளைக்கிழங்கைப் புரதத்துக்காக யாரும் உண்பதில்லை. விலை மலிவு, வயிறு நிரம்புகிறது என்பதற்காக உண்கிறார்கள். எப்படியும் உண்ணப்போகும் ஒன்றில், கூடுதல் செலவில்லாமல், தரமான புரதம் கொஞ்சம் கூடினால் அதை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. தத்தாவின் கேள்வி சரியான கேள்வி. அந்த விடையைச் சர்வரோக நிவாரணியாக விளம்பரப்படுத்தியதுதான் பொருந்தவில்லை. அந்த விளம்பரத்தில் ஆய்வகத்துக்கு எவ்வளவு பங்கு, அமைச்சகங்களுக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம்.

இனி துணைவேந்தர் பதவிக்கு வருகிறேன். 1996 முதல் 2002 வரை அவர் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அரசியலும் வரலாறும் பொருளியலும் கொடிகட்டிப் பறந்த ஒரு வளாகத்துக்கு ஓர் உயிர்வேதியியலாளர் தலைமை ஏற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை முறையில், பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தரும் வழக்கம் 1994இல் மீண்டும் நடைமுறைக்கு வந்திருந்தது. அவர் பொறுப்பேற்றபோது அந்த முறையில் சேர்ந்த மாணவர்கள் வகுப்பறைகளில் இருந்தார்கள். ‘பின்தங்கிய மாவட்டம்’ என்ற சொல்லைப் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த தருமபுரிக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும். பணியிடத்தில் பெண்களின் பாதுகாப்பைப் பற்றிய விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்ததை ஒட்டி, பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான குழு 1999இல் அங்கே அமைந்தது. சட்டம் மற்றும் ஆளுகை ஆய்வு மையம், சமஸ்கிருத மையம் ஆகியவையும் அவருடைய காலத்தில் உருவானவையே. இவற்றையெல்லாம் ஒரு தனிமனிதரின் சாதனையாக எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. பல்கலைக்கழகம் என்பது குழுக்களால் நடப்பது, துணைவேந்தர் கையெழுத்திடும் கோப்புகளில் பாதி அவருக்கு முன்பே தொடங்கியிருக்கும்.

என் கவனத்தை இழுப்பது வேறொன்று. துணைவேந்தராக இருந்த காலத்தில், 2000ஆம் ஆண்டில் அவருடைய குழுவிலிருந்து வெளிவந்தவற்றைப் பாருங்கள்: உருளைக்கிழங்குக் கட்டுரை, கேண்டிடா ஈஸ்டில் அந்தச் சர்க்கரையைச் செரிக்க உதவும் மரபணுக் கூட்டத்தைப் பற்றிய கட்டுரை, காளான் மரபணு ஒன்றைத் தக்காளியிலும் புகையிலையிலும் சேர்த்த கட்டுரை. மூன்றும் முன்னணி ஆய்விதழ்களில் வந்தவை. துணைவேந்தர் ஆணை கைக்கு வந்த அன்றே ஆய்வகத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, மிச்ச நாட்களைக் குத்துவிளக்கு ஏற்றுவதில் கழிக்கும் பேராசிரியர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இங்கே ஆய்வகம் ஓடியது. ஓட்டியவர்கள் யார் என்று கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையைப் பார்த்தால் தெரியும். உருளைக்கிழங்கு ஆய்வில் சுப்ரா சக்கரவர்த்தி, நிரஞ்சன் சக்கரவர்த்தி ஆகிய இருவரின் பெயர்கள் முன்னால் இருக்கின்றன. அவர்கள் பிற்காலத்தில் தாமே புகழ்பெற்ற ஆய்வாளர்கள் ஆனார்கள். பதவியில் இருப்பவர் தினமும் சோதனைக் குழாயைத் தொட முடியாது. தொடுகிறவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு நிதியும் நேரமும் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டு, அவர்கள் பெயரை முன்னால் வைப்பது தலைமைப் பண்பின் ஒரு பகுதி. நம் ஊர்க் கல்லூரிகளில் ஆய்வு வழிகாட்டிகள் கற்றுக்கொள்ள வேண்டிய பகுதி அதுதான் என்று அடைப்புக்குறிக்குள் சொல்லிவைக்கிறேன்.

அந்த ஆண்டுகளிலேயே அவர் இன்னொன்றையும் எழுப்பினார். இந்திய விடுதலையின் பொன்விழாவையும் ஜகதீஷ் சந்திர போஸின் பிறந்தநாளையும் ஒட்டி, மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் தாவர மரபணுத்தொகுதி (ஒரு செடியின் எல்லா மரபணுக்களும் அடங்கிய முழுத் தொகுப்பு) ஆராய்ச்சிக்கென்று ஒரு தனி மையம் அறிவிக்கப்பட்டது. முதலில் தேசிய மையமாகத் தொடங்கி, இன்று தேசியத் தாவர மரபணுத்தொகுதி ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அந்தப் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டியே நிற்கும் அதன் நிறுவன இயக்குநர் தத்தா. 1999இல் பத்மஸ்ரீ, 2008இல் பத்மபூஷண் ஆகிய விருதுகளை ஒரு வரியில் கடந்துவிடலாம். இந்த நிறுவனத்தை அப்படிக் கடக்க முடியாது. 2012இல் தக்காளியின் முழு மரபணுத்தொகுதி வெளியானபோது, பல நாடுகள் குரோமோசோம்களைப் பங்கிட்டுக்கொண்ட அந்த வேலையில் இந்தியாவின் பங்கு 5ஆம் குரோமோசோம். அதைச் செய்த இந்திய நிறுவனங்களில் இதுவும் ஒன்று. 2013இல் நாட்டுக் கொண்டைக்கடலையின் மரபணுத்தொகுதி வரைவும் இங்கிருந்து வந்தது. 1975இல் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது, ஒரு மரபணுவின் எழுத்துவரிசையைப் படிக்கும் முறைகளே உலகில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தன.

காளான் மரபணுவைப் பற்றி மேலே ஒரு வரி சொன்னேன். அது எங்கள் பக்கத்துக்கு நெருங்கிய விஷயம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சிறுநீரகக் கல் என்று மருத்துவரிடம் போனால் அவர் முதலில் தக்காளியையும் கீரையையும் குறைக்கச் சொல்வார். கல்லில் பெரும்பான்மையானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. ஆக்சலிக் அமிலம் செடிகளில் இருக்கிறது. உண்மையில் தக்காளியில் அது கொஞ்சம்தான், கீரையில்தான் அதிகம். (புரத மரபணுவைக் கொடுத்த கீரைக் குடும்பமே இந்த அமிலத்தையும் தாராளமாகக் கொடுக்கிறது என்பதை மாணவர்கள் ரசிப்பார்கள்.) உண்ணத் தகுந்த காளானான கொலிபியா வெலுடைப்பஸ் என்பதில், ஆக்சலிக் அமிலத்தை ஒரே படியில் உடைத்துப் பார்மிக் அமிலமாகவும் கரியமில வாயுவாகவும் ஆக்கும் ஒரு நொதி உண்டு. தத்தாவின் குழு அந்த நொதியை 1991இல் விவரித்து, பிறகு மரபணுவைப் பிரித்து, தக்காளியில் சேர்த்தது. 2000ஆம் ஆண்டுக் கட்டுரையின் நோக்கம் நோய் எதிர்ப்பு: ஸ்கிலிரோடினியா என்ற பூஞ்சை, ஆக்சலிக் அமிலத்தைச் சுரந்துதான் செடியின் திசுக்களை அழுகச் செய்கிறது, அந்த ஆயுதத்தைச் செடியே உடைத்துவிட்டால் பூஞ்சை வலுவிழக்கும். 2013இல் அதே நொதியைப் பழத்தில் மட்டும் வெளிப்படுத்தி, பழத்தின் ஆக்சலேட்டை 90 சதவீதம் வரை குறைத்துக் காட்டினார்கள். கால்சியமும் இரும்பும் கூடியிருந்தன. ஒரே மரபணு ஒரு முறை பயிருக்காகவும் இன்னொரு முறை உண்பவருக்காகவும் பயன்பட்டது.

2010இல் வந்த இரண்டாவது தக்காளி ஆய்வே என் உறவினர்களிடம் நான் அடிக்கடி பேசுவது. மேல்நிலைத் தாவரவியல் பாடத்தில் ஃபிளேவர் சேவர் தக்காளியைப் படித்தவர்களுக்கு, 1994இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து சில ஆண்டுகளிலேயே மறைந்துபோன அந்தப் பழத்தின் கதை தெரியும். செல் சுவரைக் கரைக்கும் ஒரு நொதியை அடக்கினால் பழம் மெத்தெனப் போகாது என்று எண்ணினார்கள். எதிர்பார்த்த அளவு பலிக்கவில்லை. தத்தாவின் குழு வேறொரு கதவைத் தட்டியது. பழம் பழுக்கும்போது, புரதங்களோடு ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் வெட்டப்பட்டுத் தனியே சேர்கின்றன. அந்தத் துண்டுகள் பழுப்பதை மேலும் தூண்டுகின்றன. வெட்டும் நொதிகள் இரண்டு: ஆல்ஃபா-மேனோசிடேஸ், பீட்டா-ஹெக்சோஸமினிடேஸ். இரண்டாவது நொதி வெட்டி எடுப்பது என்-அசிட்டைல் குளுக்கோசமைன், அதாவது 1970களில் ஈஸ்டில் அவர் துரத்திய அதே சர்க்கரை. முப்பது ஆண்டு உயிர்வேதியியல் அறிவு தக்காளிக்குள் வந்து சேர்ந்தது என்று நான் இதை வாசிக்கிறேன். இந்த நொதிகளுக்கான மரபணுக்களில் ஒன்றை அடக்கிய பழம் சாதாரணப் பழத்தைவிட இரண்டு முதல் இரண்டரை மடங்கு உறுதியாக இருந்தது. சாதாரணப் பழம் 15 நாளில் சுருங்கத் தொடங்க, இது 45 நாள் வரை தாங்கியது. பழத்தை உறுதியாக்க இதில் பிற உயிரின் புரதம் எதுவும் தேவைப்படவில்லை. தக்காளியின் சொந்த மரபணு ஒன்றின் குரல்தான் அடக்கப்பட்டது.

ராயக்கோட்டைத் தக்காளி மண்டியை விடிகாலையில் பார்க்காதவர்களுக்கு 45 நாள் என்பதன் பொருள் விளங்காது. சரக்கு ஆட்டோவிலும் டிராக்டரிலும் பிளாஸ்டிக் பெட்டிகள் அடுக்கடுக்காக வந்து இறங்கும். ஏலம் கேட்பவர் மேல்பெட்டிப் பழத்தை எடுத்துக் கட்டைவிரலால் காம்புப் பக்கம் ஓர் அழுத்து அழுத்துவார். விரல் பதிந்தால் விலை இறங்கியது என்று பொருள். அடிப்பெட்டியிலிருந்து சாறு கசிந்தால் அந்த வண்டியின் பேரமே வேறு. விலை விழும் மாதங்களில் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டு மாட்டை மேயவிடுவார்கள். 2023 ஜூலையில் நடந்ததுபோல் கிலோ 100 ரூபாயைத் தாண்டும் நாளில் கொடுக்கப் பழம் இருக்காது.

மாரண்டஅள்ளிப் பக்கம் தக்காளி போடும் என் சித்தப்பாவிடம் இந்த ஆய்வை விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒரு மாசம் கெடாதுன்னா மண்டிக்காரன் வாங்கி வச்சிருந்து வெல ஏறினப்புறம் விப்பான். எனக்கு என்னடா மிச்சம்?” என்றார்.

“நீங்களும் வச்சிருந்து விக்கலாமே, சித்தப்பா.”

“எங்க வைக்கிறது? பூச்சிமருந்துக் கடைக்காரனுக்கு அன்னிக்கே பணம் கட்டணும்.”

எந்த ஆய்விதழும் கேட்காத கேள்வி இது. பழத்தின் ஆயுளை நீட்டினால் அந்த நீட்டிப்பின் லாபம், காத்திருக்க வசதி உள்ளவனுக்குத்தான் போகும். கடனில் பயிர் செய்கிறவன் 45 நாள் தாங்கும் பழத்தையும் முதல் நாளே விற்பான். ஆனாலும் அவர் சொன்னது முழுக் கதையல்ல. ராயக்கோட்டையிலிருந்து தொலைதூரச் சந்தைகளுக்கு ஏற்றும் லாரியில் வழியில் அழுகுவதைக் கழித்துக்கொண்டுதான் வியாபாரி விலை கேட்கிறார். அந்தக் கழிவு குறைந்தால் ஏல விலையில் கொஞ்சமாவது ஏறும். இரண்டு நாளைக்கு ஒரு முறை பறிப்பதை நான்கு நாளைக்கு ஒரு முறையாக்கினால் பறிகூலி மிச்சப்படும். இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை; “வெத வெல என்னன்னு சொல்லு” என்று கேட்டார்.

அந்த விதை வரவே இல்லை என்பதுதான் விடை. 2009 அக்டோபரில் பி.டி. கத்தரிக்கு மத்தியக் குழு ஒப்புதல் அளித்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நாட்டின் 7 நகரங்களில் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடத்தினார். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூருவும் அவற்றில் ஒன்று. 2010 பிப்ரவரி 9 அன்று கத்தரிக்குக் காலவரையற்ற தடை அறிவித்தார். தத்தாவின் 45 நாள் தக்காளிக் கட்டுரை அதே பிப்ரவரியில் வெளிவந்தது. உருளைக்கிழங்கின் முழு ஆய்வு அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்தது. உணவுப் பயிர்களுக்கான வாசல் அடைபட்ட ஆண்டில் அவருடைய இரண்டு பெரிய அறுவடைகளும் களத்துமேட்டுக்கு வந்து சேர்ந்தன. இந்தியாவில் வணிகச் சாகுபடியில் இருக்கும் மரபணு மாற்றப் பயிர் 2002இல் வந்த பருத்தி மட்டுமே. தில்லிப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தரான தீபக் பெண்டல் குழுவின் மரபணு மாற்றக் கடுகுக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தும், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு எழுதியதால் அது வழக்கில் நிற்கிறது.

தடையை நான் கண்ணை மூடிக்கொண்டு கண்டிக்கவில்லை. கத்தரியின் பிறப்பிடமான நாட்டில் நீண்டகாலச் சோதனை வேண்டும் என்று கேட்டவர்களின் கோரிக்கையில் நியாயம் இருந்தது. என் வருத்தம் வேறு. பூச்சிக்கொல்லிப் புரதம் சேர்த்த ஒரு நிறுவனத்து விதைக்கும், பொதுப் பணத்தில் பொதுப் பல்கலைக்கழகத்தில் உண்பவரை நினைத்துச் செய்த ஒரு கிழங்குக்கும் இடையே யாரும் வேறுபாடு பார்க்கவில்லை. எதிர்த்தவர்களும் பார்க்கவில்லை, ஆதரித்தவர்களும் பார்க்கவில்லை. எல்லாம் ஒரே மூட்டையில் கட்டப்பட்டன.

காவேரிப்பட்டணத்தை அடுத்த பையூரில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தை இங்கே ஒப்பிடத் தோன்றுகிறது. அங்கே உருவான ராகி, கொள்ளு, சாமை ரகங்கள் பையூர் என்ற பெயரோடே எங்கள் மானாவாரி நிலங்களில் விளைகின்றன. அவற்றை உருவாக்கியவர்களின் பெயர் உலக ஆய்விதழ்களில் இருக்காது; விதை விவசாயியின் வீட்டுக் குதிரில் இருக்கும். தத்தாவின் பெயர் ஆய்விதழ்களில் இருக்கிறது. விதை குதிரில் இல்லை. இதை வைத்து அவருடைய வாழ்க்கையைத் தோல்வி என்று சொல்கிறவர்களும் உண்டு, சதியால் வீழ்த்தப்பட்ட மேதை என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஆய்வகத்துக்கும் நிலத்துக்கும் நடுவே விதைப் பெருக்கம், பல இடச் சோதனை, விரிவாக்கப் பணி, சந்தை என்று ஒரு நீண்ட பாதை இருக்கிறது. பையூர் நிலையத்துக்கு அந்தப் பாதை வாசலிலேயே இருக்கிறது. தில்லியின் மூலக்கூறு ஆய்வகத்துக்கு அது இல்லை. அந்த நிறுவனத்தைத் திட்டமிட்டபோதே ஒரு வேளாண் பல்கலைக்கழகத்தோடு இறுக்கமாகப் பிணைத்திருக்கலாம் என்ற விமரிசனத்தைத் தத்தாவின் மீது வைக்கலாம். உருளைக்கிழங்கில் சிம்லாவின் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தோடு அவர் சேர்ந்து செய்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். தக்காளிக்கு அப்படி ஒரு வலுவான கூட்டு அமையவில்லை என்றே எனக்குப் படுகிறது.

இப்போது நிலைமை சற்று மாறியிருக்கிறது. பிற உயிரின் மரபணு எதுவும் மிஞ்சாத வகையில், செடியின் சொந்த மரபணுவில் சிறு திருத்தம் மட்டும் செய்யப்பட்ட பயிர்களுக்கு, மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடுமையான நடைமுறையிலிருந்து 2022 மார்ச்சில் மத்திய அரசு விலக்கு அளித்தது. 2025 மே மாதத்தில் அந்த வழியில் உருவான இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. இந்தக் கண்ணாடி வழியே தத்தாவின் மூன்று செடிகளையும் மறுபடி பார்த்தால், கீரை மரபணு சேர்த்த உருளைக்கிழங்கும் காளான் மரபணு சேர்த்த தக்காளியும் பழைய வாசலிலேயே நிற்க வேண்டும். 45 நாள் தக்காளிக்கு மட்டும் புதிய வழி திறந்திருக்கிறது: அன்று அடக்கிய அதே மரபணுக்களை இன்று திருத்தியே முடக்கிவிடலாம். எந்த மரபணுவைத் தொட வேண்டும் என்ற விடை 2010லேயே அச்சில் இருக்கிறது. பொதுப் பணத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வேலையைக் கோயம்புத்தூரிலோ பெங்களூருவிலோ உள்ள ஆய்வு நிலையங்கள் எங்கள் பக்கத்து ரகங்களில் செய்தால், விதையை ஒவ்வொரு பருவமும் கடையில் வாங்கவேண்டிய வீரிய ஒட்டாக அல்லாமல், விவசாயி தானே எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய ரகமாக வெளியிட வேண்டும். கூடவே ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் சிறு விவசாயி வாடகைக்கு எடுக்கக்கூடிய குளிர்பதனக் கிடங்கு வேண்டும். இரண்டாவது கோரிக்கை என் சித்தப்பாவுடையது.